“குளவி” என்று சொல்லப்பட்ட ஒரு தேனீக்கூடு: அப்புத்தளைப் பக்கத்து லயமொன்றில் நடந்தது பற்றிய நிகழ்வு ஆய்வு

பின்னணி

இலங்கையின் மலையகத்தில், அப்புத்தளை நகரிலிருந்து பேருந்தில் அரை மணி நேரத் தொலைவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,400 மீற்றர் உயரத்தில் அமைந்த தேயிலைத் தோட்டம் ஒன்றின் கீழ்ப்பிரிவில், ஆறு வீடுகளைக் கொண்ட பழைய லயம் (தொழிலாளர் வரிசைக் குடியிருப்பு) ஒன்று இருக்கிறது. கருங்கற் சுவர், தகரக் கூரை, முன்னால் இஸ்தோப்பு, பின்னால் குசினி என்ற வழக்கமான அமைப்புத்தான். ஒரு வீட்டுக்கும் அடுத்த வீட்டுக்கும் இடையில் ஒரே சுவர் என்பதால், ஒரு வீட்டில் நடப்பது ஆறு வீட்டுக்கும் பொதுவானதாகிவிடும். இந்த ஆய்வுக்குரிய வீடு வரிசையின் கடைசி வீடு. கணவன், மனைவி, 8 மற்றும் 4 வயதுப் பிள்ளைகள் இருவர், மனைவியின் தாயார் என ஐந்து பேர் அங்கு வசிக்கிறார்கள். வீட்டின் பக்கவாட்டில் கோவாவும் லீக்ஸும் போட்ட சிறு தோட்டம், இரண்டு கொய்யா மரங்கள், ஒரு கோழிக்கூடு. அதற்கப்பால் மலசலகூடத்துக்குச் செல்லும் ஒற்றையடிப் பாதை, அதன் ஓரமாகத் தேயிலை.

தாயாருக்கு 62 வயது. முப்பது ஆண்டுகளுக்கு மேல் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்கு முந்திய ஆண்டில், மலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, டர்பன்டைன் என்று நாம் அழைக்கும் யூக்கலிப்டஸ் மரமொன்றிலிருந்த கூடு காற்றில் கலைந்து, பலர் கொட்டப்பட்டனர். மற்றவர்களுக்கு வீக்கமும் வலியும் மட்டுமே. இவருக்கு உடம்பில் ஆறு இடங்களில்தான் கொட்டு இருந்தது; ஆனால் பத்து நிமிடத்துக்குள் உடலெங்கும் தடிப்பு எழும்பி, வாந்தியெடுத்து, மயங்கி விழுந்திருக்கிறார். தோட்ட டிஸ்பென்சரியில் ஊசி போட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பியதால் பிழைத்தார். இன்னொரு முறை கொட்டு வாங்கினால் ஆபத்து என்று வைத்தியர் எழுதிக் கொடுத்த துண்டு இன்றும் அவருடைய அடையாள அட்டை உறைக்குள் இருக்கிறது. அதில் “குளவிக் கொட்டு” என்றே எழுதப்பட்டிருக்கிறது. எந்தக் குளவி என்று யாரும் கேட்கவில்லை, எழுதவுமில்லை.

இந்த வீட்டின் குசினியில் கருங்கல்லால் கட்டிய புகைபோக்கி ஒன்று உண்டு. கேஸ் அடுப்பு வந்த பின்னர் விறகடுப்பு கைவிடப்பட்டது. 2022-இல் நாடெங்கும் கேஸ் தட்டுப்பாடு வந்தபோது சில மாதங்கள் மறுபடியும் விறகு எரித்தார்கள். சிலிண்டர் தடையின்றிக் கிடைக்கத் தொடங்கியதும் புகைபோக்கியின் மேல்வாய் வழியே மழை வருகிறது என்று ஒரு தகரத் துண்டை வைத்துக் கல் ஏற்றிவிட்டார்கள். தகரத்துக்கும் கல்லுக்கும் இடையில் இரண்டு விரல் நுழையும் அளவுக்கு ஓர் இடைவெளி மிஞ்சியது. உள்ளே இருட்டு, ஈரமில்லை, காற்றடிக்காது, கல்லில் பகல் வெப்பம் தங்கும், வாசல் சிறிது. தேனீக் கூட்டம் ஒன்றுக்கு வீடு கட்டித் தரச் சொல்லியிருந்தாலும் இதைவிடப் பொருத்தமாக யாரும் கட்டியிருக்க மாட்டார்கள்.

முதல் முயற்சியும் அதன் விளைவும்

யூக்கலிப்டஸ் பூக்கத் தொடங்கிய வாரங்களில், கூரைக்கு மேல் பூச்சிகள் போய்வருவதை மூத்த பிள்ளை முதலில் கண்டது. பெரியவர்கள் கவனித்தபோது ஒரு மாதமாவது கடந்திருக்க வேண்டும். “குசினிக்குள்ள குளவி கூடு கட்டிருச்சு” என்ற செய்தி அன்று மாலைக்குள் ஆறு வீட்டுக்கும் போய்விட்டது. தாயாரின் பழைய அனுபவம் எல்லோருக்கும் தெரிந்ததால் பயத்துக்கு நியாயமும் இருந்தது. உதவி கேட்டுப் போன ஓர் அலுவலகத்தில், எழுத்தில் விண்ணப்பம் தந்தால் பார்க்கலாம் என்று பதில் கிடைத்தது. அயல்வீட்டுக்காரர் ஒருவர் பொறுமையிழந்து, “எரிச்சி விட்டுறலாம் மச்சான்” என்று சொல்ல, கணவரும் உடன்பட்டார்.

மறுநாள் பின்னேரம் 4 மணிக்கு, பழைய அடுப்பில் நனைந்த சாக்கை வைத்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். பூச்சிகள் மேல்வாய் வழியே பறந்துபோய்விடும் என்பது எதிர்பார்ப்பு. மேல்வாய் ஒடுக்கமானது, கூட்டின் அடைகள் புகைபோக்கியை அடைத்துக்கொண்டிருந்தன, வெளியே மேயச் சென்ற தேனீக்கள் திரும்பும் நேரமும் அதுவே. மேலிருந்து வந்தவை கூரையில் மொய்த்தன. கீழே இறங்கியவை அடுப்பு வழியாகக் குசினிக்குள் வந்தன. அயல்வீட்டுக்காரருக்குத் தலையிலும் கழுத்திலும் பதினொரு கொட்டு. மூத்த பிள்ளைக்கு இமைக்கருகில் ஒன்று. தாயாரை அன்று காலையே மூன்றாம் வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். அந்த ஓர் ஏற்பாடு மட்டும் சரியாக இருந்தது.

அயல்வீட்டுக்காரரின் மனைவி கொட்டிய இடங்களில் சுண்ணாம்பு தடவினார். கொடுக்குகளை யாரும் எடுக்கவில்லை. தேனீயின் கொடுக்கில் முட்கள் இருப்பதால் அது தோலிலேயே தங்கி, அதனோடு இணைந்த நஞ்சுப்பை தானாகத் துடித்து நஞ்சை இறக்கிக்கொண்டிருக்கும். முதல் அரை நிமிடத்திலேயே பெரும்பகுதி இறங்கிவிடும். ஆகவே எப்படி எடுப்பது என்பதைவிட எவ்வளவு விரைவாக எடுப்பது என்பதே முக்கியம். நகத்தால் சுரண்டினாலும் போதும். கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் போன்ற ஒரு மணம் வந்ததாக அயல்வீட்டுக்காரர் பின்னர் சொன்னார். அது உண்மை. கொட்டும் தேனீ விடும் அபாய வாசனை அது. மற்றத் தேனீக்களை அதே இடத்துக்கு அழைப்பதும் அதுதான். நின்ற இடத்திலேயே கையை வீசி அடித்துக்கொண்டிருந்ததால் பதினொன்று ஆகியது. நேராக ஓடி வீட்டுக்குள் புகுந்து கதவைச் சாத்தியிருந்தால் இரண்டு மூன்றோடு முடிந்திருக்கலாம்.

கூடு அங்கேயே இருந்தது. ஆனால் அதன் குணம் மாறிவிட்டது. அதுவரை யாரையும் பொருட்படுத்தாதிருந்த தேனீக்கள், அடுத்த நான்கைந்து நாட்களுக்குக் குசினிப் பக்கம் வந்தவர்களைத் துரத்தத் தொடங்கின.

அடையாளம் காணுதல்

நான் அதே வட்டாரத்தில் ஆசிரியராக இருக்கிறேன். சில ஆண்டுகளாக நான்கைந்து தேனீப் பெட்டிகள் வைத்திருக்கிறேன். பண்டாரவளை பிந்துனுவெவவில் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு இருப்பதால், எங்கள் பகுதியில் இந்தத் தொழில் ஓரளவு தெரிந்தவர்கள் ஆங்காங்கே உண்டு. பிள்ளை பாடசாலைக்கு வீங்கிய கண்ணோடு வந்ததால்தான் எனக்கு விடயம் தெரிந்தது. மறுநாள் பாடசாலை முடிந்ததும் போய்ப் பார்த்தேன்.

பதினைந்து அடி தூரத்தில் நின்று கைத்தொலைபேசியில் பெருக்கிப் பார்த்தபோது, சுமார் ஒரு சென்ரிமீற்றர் நீளமுள்ள, வயிற்றில் கறுப்பும் மங்கிய மஞ்சளும் மாறி மாறி வரிகளிட்ட சிறு தேனீக்கள் தெரிந்தன. மூன்று நான்கு தேனீக்கள் வாசலில் தலையை வெளிப்பக்கம் நீட்டி, வயிற்றை உட்பக்கம் வைத்துச் சிறகால் விசிறிக்கொண்டிருந்தன. நம் நாட்டுத் தேனீ அப்படித்தான் விசிறும். மேலைநாட்டுப் பெட்டித் தேனீ உட்பக்கம் முகம் வைத்து விசிறும். திரும்பி வந்தவற்றில் பலவற்றின் பின்னங்கால்களில் வெளிர்மஞ்சள் மகரந்த உருண்டைகள் இருந்தன. மகரந்தம் தொடர்ந்து உள்ளே போகிறது என்றால் வளர்க்கப் புழுக்கள் இருக்கின்றன, முட்டையிட இராணி இருக்கிறது என்று பொருள். இருட்டிய பிறகு குசினிப் பக்கம் சென்று கல்லில் காதை வைத்து விரல் கணுவால் ஒரு முறை தட்டினேன். உள்ளிருந்து, சூடான தாச்சியில் தண்ணீர் தெளித்தாற்போல், “ஸ்ஸ்” என்று ஒரு சீறல் எழுந்து சட்டென அடங்கியது. அதன் பிறகு ஐயத்துக்கு இடமில்லை.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. தோட்டப் பேச்சிலும் சரி, நாம் படிக்கும் செய்திகளிலும் சரி, கொட்டும் பூச்சி எல்லாமே குளவி. சிங்களத்தில் மீமெஸ்ஸா, பம்பரா, தெபரா என்று மூன்று சொற்கள் அன்றாடப் பேச்சிலேயே பிரிந்து நிற்கின்றன. மீமெஸ்ஸா பொந்திலும் சுவர்ச் சந்திலும் பல அடைகளை அடுக்காகக் கட்டும் சிறு தேனீ. பம்பரா உயர்ந்த மரக்கிளையிலோ பாறையிலோ ஒரே பெரிய அடையைத் திறந்தவெளியில் தொங்கவிடும் பெருந்தேனீ. அணுகினால் அடையின் மேற்பரப்பில் அலை ஓடுவது போல் மினுங்கும். பூப்பருவத்தைப் பின்தொடர்ந்து இடம்பெயரும். தெபரா மரச்சக்கையை மென்று காகிதம் போன்ற உறையால் கூடு கட்டும் உண்மையான குளவி. அதன் கொடுக்கு தோலில் தங்காது, ஒரே பூச்சி பல முறை கொட்டும். மூன்றுக்கும் ஒரே பதில் கிடையாது. முதலாவதை இடம் மாற்றலாம்; இரண்டாவதை விட்டு விலகி நிற்பதே பெரும்பாலும் சரி; மூன்றாவது ஆட்கள் நடமாடும் இடத்தில் இருந்தால் அகற்றத்தான் வேண்டும். நம்மிடமும் தேனீ, தேன்பூச்சி, மலைத்தேனீ என்று சொற்கள் இருக்கின்றன. பயம் வரும்போதுதான் அவை காணாமற்போகின்றன.

தாயாரிடம் பழைய நிகழ்வைப் பற்றி விவரமாகக் கேட்டேன். பெரிய மரம், கிளையில் “பலகை மாதிரித் தொங்கிச்சு சார்” என்றார். டிஸ்பென்சரியில் முதுகிலிருந்து முள் எடுத்ததும் அவருக்கு நினைவிருந்தது. எனவே அவரைக் கொட்டியது பெருந்தேனீ. பெருந்தேனீயின் நஞ்சும் சிறு தேனீயின் நஞ்சும் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. ஒன்றுக்கு ஒவ்வாமை உள்ள உடல் மற்றதற்கும் அப்படியே எதிர்வினை காட்டக்கூடும். புகைபோக்கிக்குள் இருப்பது வெறும் தேன்பூச்சிதானே என்ற ஆறுதல் இந்த ஒருவருக்கு மட்டும் பொருந்தவில்லை.

அன்று வீட்டைச் சுற்றி நடந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. மலசலகூடப் பாதையோரத்தில், கவ்வாத்து வெட்டாமல் விடப்பட்ட தேயிலைச் செடி ஒன்றின் உள்ளே, முழங்கால் உயரத்தில், பந்தளவில் சாம்பல் நிறக் கூடு ஒன்று தொங்கியது. பக்கத்தில் ஒற்றைத் துவாரம். அதில் காவலுக்கு இரண்டு, கறுத்த உடலும் வயிற்றின் முற்பகுதியில் அகன்ற செம்மஞ்சள் பட்டையும் கொண்டவை. அசல் தெபரா. ஆறு வீட்டாரும் நாள்தோறும் அதன் அருகே, இரண்டடி தூரத்தில், இருட்டில்கூடப் போய்வந்திருக்கிறார்கள். எல்லோரும் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த வாரத்தில் உண்மையான குளவி பாதையோரத்தில் இருந்தது.

எடுக்கப்பட்ட முடிவுகளும் அவற்றின் காரணங்களும்

தெபராக் கூட்டுக்கு நாங்கள் கை வைக்கவில்லை. பாதையின் இரு முனையிலும் சிவப்புத் துணி கட்டி, கோழிக்கூட்டுப் பக்கமாக மாற்றுப்பாதை ஒதுக்கி, தோட்ட நிர்வாகத்துக்குச் சொன்னோம். பாதுகாப்பு உடையோடு இரவில் வந்து செய்ய வேண்டிய வேலை அது. ஒன்பது நாட்கள் கழித்து வந்து முடித்தார்கள். தாமதம்தான், ஆனால் அந்த ஒன்பது நாட்களில் துணி தன் வேலையைச் செய்தது.

தேனீக்கூட்டைப் பொறுத்தவரை மூன்று வழிகள் இருந்தன. சாதாரணமாக நான் சொல்லும் அறிவுரை, அப்படியே விடுங்கள் என்பதுதான். உயரத்தில் உள்ள, தொந்தரவு செய்யப்படாத சிறு தேனீக்கூட்டோடு எத்தனையோ வீடுகள் ஆண்டுக்கணக்கில் வாழ்கின்றன. கொல்லையில் பூசணி காய்க்கவும் அவை உதவுகின்றன. தாயார் இல்லாதிருந்தால் இங்கும் அதையே சொல்லியிருப்பேன். மருந்தடித்துக் கொல்வது அயலவர்கள் கேட்ட வழி. கொன்றால் தேனீக்கள்தான் சாகும். அடைகளும் தேனும் புழுக்களும் புகைபோக்கிக்குள் தங்கும். செத்த புழுக்கள் அழுகும், காவலற்ற தேன் சுவரில் கசியும், எறும்பும் மெழுகு அந்துப்பூச்சியும் வரும், பழைய மெழுகின் மணத்துக்கு அடுத்த பருவத்தில் வேறு கூட்டம் வந்து குடியேறும். அத்துடன் சமைக்கும் இடத்தில் பூச்சிமருந்து என்பதை மனைவி முற்றாக மறுத்தார். அந்த மறுப்புத்தான் அயலவர்களின் வாயை அடைத்தது. எஞ்சியது, அடைகளை வெட்டியெடுத்துப் பெட்டிக்கு மாற்றி அப்புறப்படுத்துவது.

உடனே செய்யவில்லை. புகையிட்ட பின் கூடு கொதித்துப்போயிருந்தது. ஐந்து நாட்கள் யாரும் குசினிக்குப் பின்புறம் போகக்கூடாது என்று கேட்டுக்கொண்டோம். தாயாரை, மகன் குடும்பம் இருக்கும் மேற்பிரிவுக்கு நான்கு நாட்களுக்கு அனுப்ப ஏற்பாடானது. டிஸ்பென்சரி மருத்துவ உத்தியோகத்தரிடம் நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே சொன்னோம். உடல் முழுதும் தடிப்பு, முகவீக்கம், மூச்சிரைப்பு, வாந்தி, மயக்கம் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் ஆளைப் படுக்கவைத்துக் கால்களை உயர்த்தி (மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்காரவைத்து), 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழைக்க வேண்டும், நடத்திக் கூட்டிவரக் கூடாது என்றார் அவர். வளர்ந்தவர் ஒருவருக்கு அட்ரினலின் 0.5 மில்லிகிராம் தொடையின் வெளிப்புறத் தசையில் போடுவதே முதற் சிகிச்சை, அரிப்பு மாத்திரை அதற்கு ஈடாகாது என்பதையும் கணவருக்கு விளக்கி, அன்று மாலை தான் விடுதியிலேயே இருப்பதாகச் சொன்னார். இந்த ஏற்பாடுகளுக்கே மூன்று நாட்கள் பிடித்தன. கூட்டைப் பெயர்த்த வேலை மூன்று மணி நேரம்தான்.

இடமாற்றிய மாலை

மழை இல்லாத ஒரு நாளைத் தேர்ந்து பின்னேரம் 5 மணிக்குத் தொடங்கினோம். வேலை செய்ய வெளிச்சம் வேண்டும், ஆனால் முடிக்கும்போது மேயப்போன தேனீக்கள் திரும்பியிருக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே கிடைக்கும் நேரம் அவ்வளவுதான். நானும், தேனீ வளர்க்கும் நண்பர் ஒருவரும், ஏணி பிடிக்கக் கணவரும். வெளிர்நிற நீளச்சட்டை, முகவலை, காற்சட்டையின் நுனி காலுறைக்குள். புகைக்கருவியில் காய்ந்த தென்னம்மட்டைத் தும்பு. எண்ணெய் எதுவும் இல்லை. குளிர்ந்த வெண்புகை அபாய வாசனையை மறைக்கும். நெருப்பு வந்துவிட்டது என்று எண்ணித் தேனீக்கள் வயிறு நிறையத் தேனைக் குடிக்கும். வயிறு நிறைந்தவை அவ்வளவாகக் கொட்ட முனையா. முதல் முயற்சியிலும் புகைதான் பயன்பட்டது. ஆனால் இரண்டு புகைக்கும் உள்ள வேறுபாடு அடுப்புத் தீக்கும் சாம்பிராணிக்கும் உள்ள வேறுபாடு.

வாசலில் இரண்டு முறை புகை விட்டு, சற்றுக் காத்திருந்து, கற்களை இறக்கித் தகரத்தைத் தூக்கினோம். அதன் அடிப்புறத்திலேயே ஏழு அடைகள், ஒன்றுக்கொன்று இணையாக, உள்ளங்கை அகலம் முதல் ஒன்றரைச் சாண் நீளம் வரை தொங்கின. கீழ்நுனிகள் முதல் முயற்சியின் சூட்டில் உருகி, புகைக்கரி படிந்து கறுத்திருந்தன. ஓரத்து அடைகளில் தேன், நடு நான்கில் மூடிய புழு அறைகள். இரண்டு அடைகளின் கீழ்ப்பகுதியில் நடுவே ஊசித்துளையிட்ட மூடிகளோடு ஆண் தேனீ அறைகளும் இருந்தன. கூட்டம் வளர்ந்து, பிரியத் தயாராகிக்கொண்டிருந்தது என்பதற்கு அது அடையாளம்; இன்னும் சில வாரம் விட்டிருந்தால் இன்னொரு கூட்டம் லயத்தின் வேறொரு சந்தைத் தேடியிருக்கும்.

புழு அடைகளை ஒவ்வொன்றாகக் கத்தியால் வெட்டி, மேற்புறம் மேலேயே இருக்கும்படி மரச்சட்டத்துக்குள் பொருத்தி, ஈரமான வாழைநாரால் இரண்டு சுற்றுக் கட்டினோம். தலைகீழாக வைத்துவிட்டால் சரிவாக அமைந்த அறைகளிலிருந்து தேன் வழியும். நாரைத் தேனீக்களே சில நாட்களில் கடித்து வெளியே போட்டுவிடும். அதற்குள் அடையை மெழுகால் சட்டத்தோடு ஒட்டிவிடும். தேன் அடைகள் மூடியுள்ள வாளிக்குப் போயின. ஐந்தாவது அடையின் பின்பக்கத்தில் நண்பர் இராணியைக் கண்டார்: மற்றவற்றைவிடக் கறுத்து நீண்டு, வெளிச்சத்துக்கு அஞ்சி, தேனீக்களின் முதுகுகளுக்குள் புகுந்து நடந்துகொண்டிருந்தது. அந்த அடையைத் தட்டாமல் கொள்ளாமல் அப்படியே பெட்டிக்குள் இறக்கினார். சில நிமிடங்களில் பெட்டி வாசலில் ஐம்பது அறுபது தேனீக்கள் வயிற்றைத் தூக்கிச் சிறகசைத்து நின்றன. கல்லில் தங்கியவை ஒழுங்கான நடையில், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக்குப் போவது போல், உள்ளே போகத் தொடங்கின. கணவர் ஏணியில் நின்றபடியே அதைப் பார்த்தார். பத்து நாட்களுக்கு முன் அதே இடத்தில் மண்ணெண்ணெய் ஊற்றியவர் அவர், ஒன்றும் பேசவில்லை.

இருட்டியதும் கைவிளக்கில் சிவப்புத் தாள் கட்டி வேலையைத் தொடர்ந்தோம். சிவப்பு தேனீக்களின் கண்ணுக்குத் தெரியாது, வெள்ளை விளக்கென்றால் நேரே அதில் வந்து மோதும். 8 மணிக்கு வாசலில் கம்பிவலை அடித்துப் பெட்டியைத் துணியால் சுற்றி, ஏழு கிலோமீற்றர் தொலைவில் நண்பரின் மரக்கறித் தோட்டத்துக்கு முச்சக்கரவண்டியில் கொண்டுபோனோம். கொல்லையிலேயே வைக்கலாமே என்று கேட்டார்கள். நம் சிறு தேனீ பெரும்பாலும் ஒன்றிரண்டு கிலோமீற்றருக்குள் மேயும். அந்த வட்டத்துக்குள் வைத்தால் வழி தெரிந்தவை மறுநாள் காலையே பழைய புகைபோக்கிக்குத் திரும்பிவிடும். அன்று எனக்கு நான்கு கொட்டு, நண்பருக்கு இரண்டு, மற்றவர்களுக்கு இல்லை.

பின்னர் நடந்தவை

லயத்தில் எஞ்சியவற்றை நாங்கள் குறைத்து மதிப்பிட்டோம். வெளியில் இரவு தங்கியவையும் கற்சந்துகளில் ஒளிந்தவையுமாகச் சில நூறு தேனீக்கள் மறுநாள் காலை வெற்றுப் புகைபோக்கியின் விளிம்பில் உள்ளங்கையளவு கொத்தாகத் தொங்கின. இராணி இல்லாத அவை தாமாக அழிந்துபோகும் என்று விட்டோம். நான்காம் நாள் தாயார், தன் கோழிகளை யாரும் சரியாகப் பார்ப்பதில்லை என்று திரும்பி வந்துவிட்டார். அன்றிரவு குசினி விளக்கைத் தேடி அடுப்பு வழியாக இறங்கிய ஒரு தேனீ, தாயார் தலையில் போர்த்தியிருந்த சால்வையின் மடிப்பில் ஊர்ந்துகொண்டிருந்ததை மூத்த பிள்ளை கண்டது. மருமகன் சால்வையை மெல்லக் கழற்றி வெளியே கொண்டுபோய் உதறினார். கொட்டவில்லை. நான்கு நாட்கள் என்ற கணக்கு என்னுடையது. அது பிழையான கணக்கு. அன்றிரவே அவரை மறுபடி மேற்பிரிவுக்கு அனுப்பி, விளிம்பிலிருந்த கொத்தை மறுநாள் மாலை துடைத்தெடுத்து, மேலும் ஒரு வாரம் கழித்தே அழைத்தோம்.

புகைபோக்கியின் உட்பக்கத்தில் மெழுகைச் சுரண்டி, சுண்ணாம்பு அடித்து, மேல்வாயைக் கல்லும் சீமெந்துக் கலவையும் வைத்து மூடினோம். ஆனால் அடியிலிருந்து பார்க்க முடியாத ஒரு மூலையில் உருகிய தேன் ஊறியிருந்தது. இரண்டாவது வாரம் அடுப்புக் கல்லில் கபில நிறத்தில் சொட்டி, எறும்புச் சாரை வந்தது. கீழிருந்து சுடுநீரால் கழுவி, அடுப்புப் பக்கத்தையும் அடைத்த பின்னரே அது நின்றது.

பெட்டிக்குப் போன கூட்டத்தின் கதை மகிழ்ச்சியானதல்ல. வாசலில் இராணி வெளியேற முடியாத தடையை ஐந்து நாட்கள் வைத்து, சீனிப்பாகு ஊட்டினோம். தடையை எடுத்த பிறகு இரண்டு நாட்கள் மகரந்தம் உள்ளே போனது. ஒன்பதாம் நாள் நண்பர் போய்ப் பார்த்தபோது பெட்டி காலி. நான்கு அடைகளில் வெளிப்புற இரண்டில் புழுக்கள் கறுத்துச் செத்திருந்தன. காரணம் எங்கள் ஆசைதான்: நான்கு புழு அடைகளையும் காப்பாற்ற நினைத்தோம், அவற்றை அந்த உயரத்து இரவுக் குளிரில் மூடிச் சூடேற்றும் அளவுக்குத் தேனீக்கள் எங்களோடு வரவில்லை, செத்த புழுவின் நாற்றம் தாங்காமல் கூட்டம் பெட்டியைக் கைவிட்டது. நம் நாட்டுத் தேனீக்கு இந்தக் குணம் உண்டு; இடம் பிடிக்கவில்லை என்றால் இருப்பதை எல்லாம் விட்டுவிட்டுப் போய்விடும். கூட்டமாகப் பறந்துபோனது என்பதால் எங்காவது ஒரு மரப்பொந்தில் தங்கியிருக்கலாம். அதை வெற்றி என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

அடுத்த முறை மாற்றிச் செய்பவை

தேனீக்கள் அடர்ந்த இரண்டு புழு அடைகளை மட்டுமே பெட்டிக்குக் கொடுத்து, மற்றவற்றை ஏற்கெனவே வலுவாக உள்ள என் பெட்டிகளுக்குப் பகிர்ந்துவிடுவேன். பெட்டியைக் காலியான புகைபோக்கியின் பக்கத்திலேயே இரண்டு நாட்கள் விட்டு, மேய்ந்து திரும்பும் எல்லாம் உள்ளே போன பிறகே நகர்த்துவேன். எஞ்சிய கொத்தும் தாயாரின் சால்வைச் சம்பவமும் அந்த அவசரத்தின் விளைவுகள். ஒவ்வாமை உள்ளவர் திரும்பும் நாளை முன்கூட்டித் தீர்மானிக்க மாட்டேன். வாசலிலும் விளக்கடியிலும் தொடர்ந்து மூன்று நாட்கள் ஒரு தேனீகூட இல்லை என்று கண்ட பிறகே அழைக்கச் சொல்வேன். அடைப்பு வேலையை மேலிருந்தல்ல, கீழிருந்து தொடங்குவேன்.

மாற்றாமல் வைத்துக்கொள்வது டிஸ்பென்சரிக்கு முன்கூட்டிச் சொன்னதும், அவசரப்படாமல் ஐந்து நாட்கள் ஆறவிட்டதும். அந்த ஐந்து நாட்களும் அயலவர்களிடம் நல்ல பெயர் வாங்கித் தரவில்லை. மருந்தடிக்காமல் இழுத்தடிக்கிறேன் என்று நேரிலேயே சொன்னார்கள்.

லயத்தின் மற்ற ஐந்து புகைபோக்கிகளையும் பார்த்தோம். மூன்றில் இதே போன்ற தகரமும் இதே போன்ற இடைவெளியும். இரண்டை மூடிவிட்டார்கள், ஒன்றில் இன்னும் விறகு எரிப்பதால் மேல்வாயில் சன்னக் கம்பிவலை அடித்தார்கள். லயத்திலிருந்து நூறு அடி தள்ளி, சவுக்கு மரமொன்றின் கவட்டில், பழைய மெழுகு தேய்த்த வெற்றுப் பெட்டி ஒன்றைக் கட்டியிருக்கிறேன். பருவத்தில் இடம் தேடும் கூட்டம் சுவர்ச் சந்துக்கு முன் அதைக் கண்டால் நல்லது. இதை எழுதும் வரை அதில் ஒன்றும் குடியேறவில்லை. மருத்துவ உத்தியோகத்தர் இப்போது கொட்டு வாங்கி வருபவர்களிடம் கொடுக்கு தோலில் இருந்ததா என்று கேட்டு, பதிவுப் புத்தகத்தில் “குளவி” என்பதற்குப் பக்கத்தில் “முள் இருந்தது” அல்லது “முள் இல்லை” என்று எழுதி வருகிறார்.